குத்பா ஏடுகளும் அவற்றை எழுதிய கரங்களும்

வெள்ளிக்கிழமை நண்பகல். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையின் இரைச்சலைக் கடந்து வாலாஜா பெரிய பள்ளிவாசலின் விரிந்த திடலுக்குள் நுழைகிறோம். ஒளூச் செய்து, வரிசையில் அமர்ந்து, செவியைக் கூர்மையாக்குகிறோம். கத்தீப் மிம்பரில் ஏறுகிறார், பாங்கு ஒலிக்கிறது, குத்பா தொடங்குகிறது. அந்நேரத்தில் நம் கண்கள் கத்தீபின் முகத்தை நோக்குகின்றன. தமிழகத்துப் பள்ளிகள் பலவற்றில் அவர் கையில் விரிந்திருக்கும் ஏட்டை நோக்கியவர் நம்மில் எத்தனை பேர்? அந்த ஏடு இன்று அச்சில் வந்ததாக இருக்கலாம். நம் பாட்டனார் காலத்தில் அது பெரும்பாலும் ஒருவர் தம் கையால் எழுதித் தந்த ஏடாகவே இருந்தது.

அவருக்குக் 'காதிப்' என்று பெயர். தமிழில் எழுதினால் கத்தீபுக்கும் காதிபுக்கும் ஒன்றிரண்டு எழுத்துகளே வேறுபாடு. அரபியிலோ வேர்களே வேறு. ஒருவர் உரையாற்றுபவர், மற்றவர் எழுதுபவர். முன்னவரை ஊர் அறியும். பின்னவரை அந்த ஏட்டின் கடைசிப் பக்கம் மட்டுமே அறியும்.

அன்புச் சகோதர சகோதரிகளே! குத்பாவை எழுதி வைப்பது பிற்காலத்தார் கண்டுபிடித்த வழக்கமன்று. ஹிஜ்ரி 8 ஆம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்களிடையே எழுந்து நின்று, அந்நகரின் புனிதத்தைப் பற்றியும் அங்கே இரத்தம் சிந்துதல் ஆகாது என்பது பற்றியும் உரையாற்றினார்கள். கேட்டுக் கொண்டிருந்தோரில் யமன் நாட்டைச் சேர்ந்த அபூ ஷாஹ் என்பவர் எழுந்து, அதனைத் தமக்கு எழுதித் தர வேண்டும் என்று வேண்டினார். அவருக்கு எழுதிக் கொடுக்குமாறு அண்ணலார் தம் தோழர்களைப் பணித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள செய்தி இது. எழுதித் தரச் சொன்னது எதனை என்று பின்னாளில் இமாம் அவ்ஸாயீ அவர்களிடம் வினவப்பட்டபோது, அவர் கேட்ட அந்தக் குத்பாவைத்தான் என்று விளக்கம் தந்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். அபூ ஷாஹ் பெரிய அறிஞராகப் பெயர் பெற்றவர் அல்லர். தொலைவிலிருந்து வந்தவர், ஊர் திரும்ப வேண்டியவர். கேட்டது மறந்துவிடுமோ என்ற அச்சமே அவரை வாய் திறக்க வைத்திருக்க வேண்டும். அவர் கேட்டிராவிட்டால் அன்று அந்தக் குத்பா எழுத்தில் ஏறியிருக்குமா என்பது ஐயமே. ஒவ்வொரு குத்பா ஏட்டின் பின்னாலும் இப்படி ஓர் அபூ ஷாஹ் இருக்கிறார்.

தமிழகத்திலும் மலபாரிலும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்ட குத்பா ஏடுகளில் புகழ் மிக்கது 'நபாத்திய்யா' எனப்படுவது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு நுபாத்தா என்னும் கத்தீபின் பெயரால் அது வழங்குகிறது. மையாஃபாரிகீன் என்னும் ஊரில் பிறந்த அவர், அலெப்போவில் ஆட்சி புரிந்த ஸைஃபுத் தவ்லாவின் அவையில் கத்தீபாக விளங்கியவர். ஹிஜ்ரி 374 இல் மறைந்தார். எதுகையும் ஓசையும் அமைந்த உரைநடை அவருடையது. நாற்பது வயதை ஒட்டி மறைந்த ஒருவருடைய சொற்கள், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் வங்கக் கடலோரத்து மிம்பர்களில் ஒலித்தன என்றால், இடையில் எத்தனை கைகள் அவற்றைப் படியெடுத்திருக்க வேண்டும்!

குத்பா ஏட்டைப் படியெடுப்பதில் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. மதரஸாவில் பாடம் சொல்லும் நூலாக இருந்தால் பிழையை உஸ்தாத் திருத்திவிடுவார். குத்பா ஏடோ நேராக மிம்பருக்குச் செல்வது. ஊர்ப் பள்ளிக் கத்தீப் எல்லாரும் அரபியில் பெரும் புலமை பெற்றவர்களாக இருப்பதில்லை. ஒரு ஸபர் இடம் மாறினால் செய்தவன் செய்யப்பட்டவன் ஆகிவிடுவான். ஆகவே குத்பா ஏட்டை எழுதியோர், எழுத்தைப் பெரிதாக எழுதினர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஸபர், ஸேர், பேஷ் தவறாமல் இட்டனர். மூச்சு நிறுத்தும் இடங்களைச் சிவப்பு மையால் குறித்தனர். பக்கத்தின் அடி மூலையில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதி வைத்தனர். தாள் திருப்பும் நொடியில் கத்தீப் திணறாமல் இருக்கவும், கட்டு அவிழ்ந்து தாள்கள் கலைந்துவிட்டால் வரிசைப்படுத்தவும் அந்த ஒற்றைச் சொல் உதவியது. பக்க எண் இடும் பழக்கம் பரவும் முன்னர் அதுவே பக்க எண்.

கருவிகள் எளியவை. விளக்குக் கரியும் கருவேலம் பிசினும் கலந்த மை. சாய்வாக வெட்டிய நாணல் எழுதுகோல். மை அளவோடு ஏறுவதற்காக மைக்கூட்டுக்குள் சிறிது பட்டு நூல் அல்லது பஞ்சு. கோடு போடுவதற்கு 'மிஸ்தரா' என்னும் ஓர் அட்டை. அதில் சம இடைவெளி விட்டு நூல்கள் கட்டப்பட்டிருக்கும். தாளை அதன் மேல் வைத்து விரலால் அழுத்தினால், மையில்லாத கோடுகள் தாளில் பதிந்துவிடும். பழைய ஏடு ஒன்றைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுதியவர் மறைந்து நூறாண்டு ஆகியிருக்கலாம்; அவர் விரல் அழுத்திய பள்ளம் அங்கே இன்னும் இருக்கும்.

இன்னொரு விந்தையும் சொல்ல வேண்டும். பல ஏடுகளின் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ 'யா கபீகஜ்' என்று எழுதியிருக்கும். கபீகஜ் என்பது முதலில் பூச்சிகளை விரட்டும் நச்சுச் செடி ஒன்றின் பெயர். நாளடைவில் செடி மறந்துபோய், கரப்பான்களின் அரசன் பெயர் அது என்றும், அரசன் பெயரைக் கண்டால் குடிகள் அண்டமாட்டா என்றும் மக்கள் நம்பத் தலைப்பட்டனர். இது மார்க்கம் சொன்னதன்று. ஏட்டைக் காக்க விழைந்த மனிதனின் கவலை. அந்தச் சொல்லையும் சேர்த்தே பூச்சி அரித்திருக்கும் ஏடுகளும் உண்டு என்பது வேறு செய்தி.

திருவல்லிக்கேணிக்கு இந்த எழுத்துக் கலை எவ்வாறு வந்தது? ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா சென்னையில் குடியேறி, 1768 இல் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டினார். அரசு வந்த இடத்துக்கு முன்ஷிகள் வந்தனர். முன்ஷிகளோடு ஆலிம்களும் கவிஞர்களும் காதிப்களும் வந்தனர். இலக்னோவின் ஃபிரங்கி மஹல் மரபில் வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ, நவாபின் அழைப்பை ஏற்று இங்கு வந்து போதித்து, 1810 இல் மறைந்து, பெரிய பள்ளிவாசலின் வளாகத்திலேயே அடங்கினார். வேலூரில் பிறந்த பாகர் ஆகாஹ், அரபியும் பார்ஸியும் அறியாத மக்களுக்காகவும் குறிப்பாகப் பெண்களுக்காகவும் தக்கனி மொழியில் மார்க்க நூல்களை எழுதினார். அவையெல்லாம் அச்சுக்குச் செல்லும் முன் கையாற் படியெடுக்கப்பட்டே வீடுகளுக்குள் நுழைந்தன.

1795 இல் எழுந்த அப்பள்ளிவாசலின் மிஹ்ராபுக்கு மேலே ஒரு பார்ஸிக் கல்வெட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனை இயற்றியவர் ராஜா மக்கன் லால். நவாபின் முன்ஷியாக இருந்த இந்து அறிஞர். பள்ளி கட்டிய ஆண்டை அவர் எண்ணால் சொல்லவில்லை; 'திக்ருல்லாஹி அக்பர்' என்னும் தொடருக்குள் வைத்தார். அப்ஜத் கணக்கின்படி 'திக்ர்' என்பதற்கு 920. 'அல்லாஹ்' என்பதற்கு 66. 'அக்பர்' என்பதற்கு 223. கூட்டினால் 1209. அதுவே ஹிஜ்ரி ஆண்டு. காதிப்கள் நூல் எழுதி முடித்த ஆண்டைக் குறிக்கவும் சில வேளைகளில் இம்முறையைக் கையாண்டனர். ஆகவே உங்கள் வீட்டு ஏட்டின் இறுதியில் ஆண்டு காணப்படவில்லை என்றால், ஆண்டு இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அது ஒரு தொடருக்குள் ஒளிந்திருக்கக் கூடும்.

எழுத்தின் மீது இவ்வூர் கொண்டிருந்த அக்கறைக்கு மற்றொரு சான்று, நவாபுகளின் அரசில் உயர்பதவி வகித்த ஷரஃபுல் முல்க் முஹம்மது கவ்ஸ் அவர்கள். திருக்குர்ஆனின் சொற்கள் எவ்வாறு எழுதப்பட வேண்டும், எங்கே அலிஃப் வரும், எங்கே வராது என்பதை ஆராய்ந்து 'நஸ்ருல் மர்ஜான்' என்னும் நூலை அரபியில் யாத்தவர் அவர். அது பின்னாளில் ஹைதராபாத்தில் ஏழு பாகங்களாக அச்சாயிற்று. ஒரு நாட்டின் நிருவாகப் பொறுப்பைச் சுமந்தவர், ஓர் அலிஃபுக்காக இரவு விழித்திருக்கிறார்!

அவருடைய வழித்தோன்றலே, பாரிஸ் நகரில் நெடுங்காலம் வாழ்ந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் (1908–2002). நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் தொகுத்த ஏட்டின் இரு படிகளை, ஒன்றை பெர்லினிலும் மற்றொன்றை டமாஸ்கஸிலும் கண்டு, ஒப்பிட்டு வெளியிட்டவர் அவர். அதிலுள்ள 138 ஹதீஸ்களைப் பிற்காலப் பெருந்தொகுப்புகளோடு பொருத்திப் பார்த்து, அவை எவ்வளவு பழுதின்றி வந்து சேர்ந்துள்ளன என்று உலகுக்குக் காட்டினார். காட்டியவர் ஆய்வாளர். காட்டுவதற்கு ஒன்றை விட்டு வைத்தவர்கள் காதிப்கள்.

1855 இல் நவாப் குலாம் கவ்ஸ் கான் வாரிசின்றி மறைந்தார். ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை ஒழித்தனர். எழுதுவோரை ஆதரித்த கை அத்துடன் ஒடிந்தது. ஆயினும் காதிப் மறையவில்லை. அச்சு வந்ததும் எழுதுவோர் தொழில் அழிந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள்; நம் எழுத்து வரலாற்றில் நடந்தது அதுவன்று. ஒட்டியும் ஏறியும் இறங்கியும் செல்லும் அரபு எழுத்து வடிவங்களை ஈய எழுத்தில் வார்ப்பது கடினம். எனவே முஸ்லிம்கள் கல்லச்சை விரும்பினர். கல்லச்சில் காதிப் தனி மையால் தாளில் எழுதுவார். அவ்வெழுத்து கல்லில் பதியும். கல்லிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் வெளிவரும். ஆக, அச்சு நூலிலும் நாம் படித்தது ஒருவருடைய கையெழுத்தையே. திருவல்லிக்கேணியில் ஷாஹுல் ஹமீதிய்யா போன்ற அச்சகங்கள் வெளியிட்ட அரபு, அரபுத்தமிழ்க் கிதாபுகள் காயல்பட்டினம், கீழக்கரை முதலாகக் கடல் கடந்த ஊர்கள் வரை சென்றன.

இந்த மரபின் கடைசி விழுது எது என்று கேட்டால், பெரிய பள்ளிவாசலுக்கு அருகிலேயே காட்டலாம். 1927 இல் சையத் அஸ்மத்துல்லாஹ் தொடங்கிய 'முஸல்மான்' என்னும் உருது நாளிதழே அது. அவருக்குப் பின் அவர் மகன் சையத் ஃபஸ்லுல்லாஹ், 2008 இல் மறையும் வரை, அதன் ஆசிரியராக இருந்தார். பின்னர் பேரர் ஏற்றார். நான்கு பக்கங்கள், விலை எழுபத்தைந்து காசாக இருந்தது. கணினி எங்கும் பரவிய பின்னரும் அவ்விதழின் ஒவ்வொரு பக்கத்தையும் காதிப்கள் கையாலேயே எழுதினர். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். பெண்களும் அங்கே காதிப்களாக அமர்ந்து எழுதினர். கடைசி நேரச் செய்திக்காக முதற்பக்கத்தில் ஒரு மூலையை வெறுமையாக விட்டு வைப்பர் என்று அங்கு சென்று கண்டோர் எழுதியுள்ளனர். எழுதிய தாளைப் படம் பிடித்து, தகட்டில் ஏற்றி, அச்சிடுவர். நாளிதழ் குத்பா அன்று என்பது உண்மை. ஆயினும் அங்கே எழுதுகோல் பிடித்த விரல்களின் பயிற்சி, குத்பா ஏடுகளை எழுதிய விரல்களின் பயிற்சியே.

மீண்டும் ஏட்டுக்கு வருவோம். ஒரு குத்பா ஏடு தன்னை அறியாமலேயே வரலாறு சொல்லும் இடம் இரண்டாம் குத்பா. நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும், நாற்பெரும் கலீஃபாக்கள் பெயரும் கூறியபின், ஆட்சியாளருக்காக துஆச் செய்யும் பகுதி வரும். இந்தியாவில் பல பள்ளிகளில் ஒரு காலத்தில் அங்கே உதுமானியத் துருக்கி சுல்தானின் பெயர் ஒலித்தது. 1924 இல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டபின் அப்பெயருக்கு இடமில்லாது போயிற்று. ஆகவே பழைய ஏட்டில் ஒரு சுல்தானின் பெயர் இருந்தால், அது எழுதப்பட்ட காலத்தைக் கணிக்கலாம். அப்பெயர் அடிக்கப்பட்டு வேறொன்று மேலே எழுதப்பட்டிருந்தால், அது எத்தனை காலம் பயன்பட்டது என்பதும் தெரியும். வேறு சில ஏடுகளில் பெயருக்குப் பதில் 'இன்னார்' என்னும் பொருள்படும் சொல்லே நிற்கும். எழுதியவர் எச்சரிக்கையானவர், அரசுகள் மாறும் என்று அறிந்தவர்.

இத்தகைய ஏடுகள் எங்கே போயின? இதனை எழுதும்போது என் மனம் கனக்கிறது. எங்கள் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் மறைந்தபோது, அவர் அறையிலிருந்த பழந்தாள்களை ஒரு மூட்டையாகக் கட்டி, கடலில் விட்டு வந்தோம். அரபு எழுத்துள்ள தாள் காலில் படலாகாது என்ற மரியாதையே காரணம். எவரும் கெட்ட எண்ணத்தால் செய்யவில்லை. அந்த மூட்டையில் கையால் எழுதிய தடித்த ஏடு ஒன்றும் இருந்தது என்று பின்னர் என் பாட்டி சொன்னார்கள். அது குத்பாவா, மௌலிதா, மருத்துவக் குறிப்பா என்று இன்று சொல்வார் எவருமில்லை.

சிதைந்த திருக்குர்ஆன் தாள்களை மரியாதையுடன் புதைக்கவோ ஓடும் நீரில் விடவோ மார்க்க அறிஞர்கள் வழி கூறியுள்ளனர். அவர்கள் அதனைக் கூறியது, ஓதவே இயலாத நிலையை அடைந்துவிட்ட தாள்களுக்கு. ஓரத்தில் பூச்சி அரித்திருந்தாலும் வரிகள் தெளிவாக நிற்கும் ஏட்டுக்கு அந்த முடிவு ஏன்? பள்ளிவாசல் மூலையில் பழந்தாள் போடுவதற்கென வைத்துள்ள பெட்டியை நீங்கள் அறிவீர்கள். அதற்குள் செல்வனவெல்லாம் கிழிந்த யாஸீன் பிரதிகள் என்று எண்ணிவிடலாகாது. அரபுத்தமிழில் எழுதிய பயான் குறிப்புகள், கடலோடிகளின் கணக்குகள், நிகாஹ் பதிவுகள் ஆகியனவும் எழுத்து அரபு என்ற ஒரே காரணத்தால் அங்கே சென்று சேர்கின்றன. அரபு எழுத்தை ஓதத் தெரிந்த நம் வீட்டுப் பெண்மணி ஒருவர் ஐந்து நிமிடம் செலவிட்டு வாய்விட்டுப் படித்தாலே, அது அரபியா தமிழா என்பது செவிக்குப் புலப்பட்டுவிடும்.

பாதுகாப்பதும் பெரிய காரியமன்று. கடற்காற்று வீசும் திருவல்லிக்கேணியில் ஈரமே முதற்பகை. கரியும் பிசினும் கலந்த மை நீர் பட்டால் கரையும். எனவே ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். கிழிந்த இடத்தில் ஒட்டு நாடா ஒட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் அதன் பசையே தாளைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் வெப்பத்தால் ஒட்டி மூடுவது அதனினும் கேடு. வெயிலில் காய வைக்காமல், நிழலில் காற்றாட வைத்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரியில் வைத்தால் போதும். கையிலுள்ள தொலைபேசியால் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் கொள்ளலாம். வீட்டில் வைத்துப் பேண இயலாதவர்கள், 1869 இல் தோன்றி, சேப்பாக்கத்தில் பல்லாண்டுகள் இருந்து, பின்னர் கோட்டூர்புரத்துக்கு மாறிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தை அணுகலாம். அரபு, பார்ஸி, உருதுச் சுவடிகளும் அங்கே உள்ளன.

எதைச் செய்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வரிகள் வரவரக் குறுகி, முக்கோணம் போல முடியும் இடத்தில்தான் காதிப் தம்மைப் பற்றிப் பேசத் துணிவார். தம்மை ஏழை என்றும் எளியவன் என்றும் கூறிக் கொள்வார். தம் பெயர், தந்தை பெயர், ஊர், எழுதி முடித்த கிழமை, சில வேளைகளில் ளுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம் என்பது வரை குறிப்பார். பிழை கண்டால் பொறுத்துத் திருத்துமாறு வேண்டுவார். படிப்பவர் தமக்கும் தம் பெற்றோருக்கும் துஆச் செய்ய வேண்டும் என்று கேட்டு முடிப்பார். கூலி எவ்வளவு வாங்கினார் என்று பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்.

அந்த வரிகளைத் தனியே படிக்க இயலாவிட்டால், மஹல்லா ஹஜ்ரத்திடம் ஏட்டை எடுத்துச் சென்று படிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, பென்சிலால் எழுதுவது நல்லது, ஏட்டுக்குள் வைத்துவிடுங்கள்.